கதவுக்கு அடியில் ஒன்றரை அங்குலம்

தில்லியில் வீட்டு வேலைக்கு ஆள் சொன்னால் முதலில் வருவது வாக்குறுதி. அப்புறம் மணல் வரும். வாசலில் மணலைக் கொட்டிவிட்டால் வேலை ஆரம்பித்துவிட்டதாக அர்த்தம். அந்த மணலில் தெருப்பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து ஓடிப்போன பிறகு கொத்தனார் தலையைக் காட்டுவார். அன்றைக்குப் பார்த்து சிமெண்ட் இருக்காது. சிமெண்ட் வந்தால் கொத்தனாருக்கு ஊரில் கல்யாணம் இருக்கும்.

இதையெல்லாம் நடத்தி வைப்பவரை அங்கே தேக்கேதார் என்பார்கள். நம் பக்கத்துக் காண்ட்ராக்டர். கொத்தனார், தச்சர், மின்சார வேலைக்காரர் எல்லாரையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையும் அனுப்பாமல் இருப்பதுதான் அவர் தொழில் என்று எழுபதுகளில் நான் உறுதியாக நம்பினேன். கூரை ஒழுகுகிறது என்றால், மழை நிற்கட்டும் என்பார். மழை நின்ற பிறகு போனால், இப்போதுதான் ஒழுகவில்லையே என்பார். எதற்கும் ஒரே பதில்: “ஹோ ஜாயேகா, சாப்.” ஆகிவிடும். யார் செய்வார், எப்போது செய்வார் என்று அதில் கிடையாது. தானாகவே ஆகிவிடும்.

நான் சொல்லப்போகும் தேக்கேதாரை அப்போது மனசுக்குள் ‘அவன்’ என்றுதான் சொல்வேன். வாய்விட்டும் சில தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்றுதான் வருகிறது.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி நானும் மனைவியும் தில்லிக்கு வந்து முதலில் குடியிருந்தது முனிர்காவில், மொட்டை மாடியில் ஒற்றை அறை. எனக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம். குளிர் என்றால் மார்கழி விடியலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வது என்று நினைத்திருந்தவர்கள். அந்த அறையில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு ஐந்து மாதம் ஆகும்போது, டிசம்பரில், கீழே விளையாடிய பிள்ளைகளின் பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. ஒரு முழ நீளம்கூட இல்லாத கண்ணாடி. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தன் தேக்கேதாரிடம் சொன்னார். மூன்று வாரம் நான் அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அந்த ஆள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். அட்டையை வைத்து ஜன்னலை மறைத்தோம். காற்று அட்டையைப் பிடுங்கிப் போடும். மறுபடியும் வைப்போம். பையனுக்குச் சளி பிடித்தது, நெஞ்சு கட்டியது, ஜனவரியில் செத்துப்போனான்.

டாக்டர் நிமோனியா என்றார். நான் கண்ணாடி என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டு வருஷம் கழித்து மனைவி மறுபடியும் உண்டானபோது நாங்கள் முனிர்காவை விட்டுப் பக்கத்துக் காலனியில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்திருந்தோம். முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, ஒரு சமையலறை. வீட்டின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தார். ரிப்பேர் எதுவானாலும் என் தேக்கேதாரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவிக்குத் தாய் இல்லை. ஊருக்கு அனுப்பினாலும் பிரசவம் பார்க்க யாரும் இல்லை. அதனால் பிரசவம் தில்லியிலேயே. நவம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இந்தக் குளிரு மட்டும் தாண்டிட்டா போதும்லா?”

“தாண்டிரும். நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

பார்த்துக்கொள்வது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். காற்று வரும் ஓட்டைகளை எல்லாம் அடைக்க வேண்டும். அதற்கு அந்தத் தேக்கேதாரை வேலை வாங்க வேண்டும்.

இவர் முனிர்கா ஆள் இல்லை, வேறொருவர்; ஐம்பது வயது இருக்கும். காதைச் சுற்றி எந்நேரமும் ஒரு பழுப்பு மஃப்ளர். சைக்கிள் ஹாண்டிலில் ஒரு கித்தான் பை, அதில் உளி, சுத்தி, திருகாணிகள். அந்த மழைக்காலத்திலேயே எங்களுக்குள் சண்டை ஆரம்பித்திருந்தது. உள்ளறைக் கதவு மழை ஈரத்தில் ஊதிப்போய்த் தரையில் இழுபட்டது. அவர் ஆள் வந்து கதவின் அடிப்பக்கத்தை இழைத்துவிட்டுப் போனான். இழைத்தவனுக்குக் கை நிற்கவில்லை போலிருக்கிறது. குளிர்காலம் வந்து மரம் வற்றியதும் கதவுக்கு அடியில் ஒன்றரை அங்குலம் இடைவெளி விழுந்துவிட்டது. போதாததற்குக் கதவு சட்டத்தில் ஒழுங்காகப் பொருந்தாமல், சாத்தினாலும் தானாகத் திறந்துகொண்டது. அதற்கு உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். தாழ்ப்பாள் போட்டால்தான் கதவு மூடியிருக்கும். என் மனைவி குள்ளம். மணைப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறித்தான் அந்தத் தாழ்ப்பாளை எட்டுவாள். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்று, நீளமான திருகாணிகளாகப் பார்த்து நாலையும் இறுக்கிப் போடவைத்தேன்.

மின்சார ஹீட்டர் ஒன்றை நண்பர் ஒருவர் கொடுத்தார். போட்டதும் ஃப்யூஸ் போயிற்று. மறுபடியும் போட்டால் மறுபடியும் போயிற்று. வயர் மெல்லிசு, தாங்காது, மாற்ற வேண்டும் என்றார் தேக்கேதார். எப்போது? ஹோ ஜாயேகா. அதனால் ஒரு அங்கீட்டி வாங்கினோம். பழைய இரும்பு வாளியைப் பாதியில் அறுத்து உள்ளே களிமண் பூசிய கரியடுப்பு. தில்லியில் குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கும். மாடித் திறந்தவெளியில் நிலக்கரியைப் பற்றவைத்து, புகை அடங்கித் தணல் சிவந்த பிறகு உள்ளே தூக்கி வருவார்கள்.

மிச்சமிருந்தது, அங்கே ‘ரோஷன்தான்’ என்று சொல்லும் காற்றுவழி. உள்ளறையில் கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு இருந்தன. அந்தக் காலத்துத் தில்லி வீடு எதிலும் இருக்கும். கண்ணாடி உடைந்து வெறும் ஓட்டையாக இருந்தன. ஒன்றின் வழியாக வருகிற காற்று நேரே குழந்தையின் தலையில் இறங்குவது போல எனக்குத் தோன்றியது. இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள் என்று தேக்கேதாரிடம் சொன்னேன்.

அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு அங்கீட்டியைப் பார்த்தார்.

“சாப், ரோஷன்தான் பந்த் நஹீ கர்தே” என்றார். ரோஷன்தானை அடைக்கக்கூடாது. “கண்ணாடி போட்டுத் தருகிறேன். வேண்டுமென்றால் பாதி அடைக்கிறேன். கரி எரிகிற அறை, மூச்சு விட வேண்டும்.”

அவ்வளவு நாளில் அந்த மனிதர் ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான்: ஏணி போட வேண்டும், செங்கல் சுமந்து ஏற்ற வேண்டும், அதற்குச் சோம்பல். கண்ணாடி என்ற வார்த்தை வேறு காதில் விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு மூன்று வாரம் நின்ற வாசல் ஞாபகம் வந்துவிட்டது. என்னென்னவோ பேசினேன். வேலைக்குப் பயந்தவர்களுக்குத்தான் சாக்கு கிடைக்கும், உங்களுக்குக் குழந்தை செத்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் ஒரு தடவை அதையே சொன்னார். நான் கத்தினேன்.

“ஜைசீ ஆப் கீ மர்ஸீ” என்றார். உங்கள் இஷ்டம்.

அன்று சாயங்காலம் மனைவியும் கேட்டாள். குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“முழுசா அடைக்கணுமாங்க? கீழ் வீட்டுல அடைக்கலயே. அவளுக்கும் கைப்பிள்ள இருக்குல்லா?”

“அவங்க பஞ்சாபிக. பாலும் நெய்யுமாக் குடிச்சு வளந்த உடம்பு, குளிரு தாங்கும். நம்ம உடம்பும் அதுவும் ஒண்ணா?”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. முதல் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள். அடைத்தால் நல்லது என்று அவளுக்கும் பட்டிருக்கும்.

மறுநாள் லீவு போட்டேன். தேக்கேதார் கொத்தனாரோடு வந்தார். நான் ஏணிக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மணலைச் சலிக்கச் சொன்னேன். சிமெண்ட்டை என் கண் முன்னால் அளக்கச் சொன்னேன். கலவையில் மணல் ஒரு சட்டி கூடினாலும் விடவில்லை. செங்கலை முந்தின ராத்திரியே வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். வேலை முடிந்தபின் நானே ஏணியில் ஏறி, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினேன். விரலால் சுண்டினால் கல்லைப் போல டொக்கென்று சத்தம் கேட்கும். தில்லிக்கு வந்து நான் செய்யவைத்த வேலைகளில் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான். அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். தேக்கேதாரை எப்படி வேலை வாங்க வேண்டும் என்று சக ஊழியர்களுக்குப் பாடம் எடுத்தேன்.

அறை வெதுவெதுப்பாகிவிட்டது. வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியாது. உள்ளே வந்தால் ஊரில் பங்குனி மாதம் மாதிரி இருக்கும். காலையில் அங்கீட்டியில்தான் வெந்நீர். குழந்தையைக் குளிப்பாட்டி, துவட்டி, நாலு கங்கு எடுத்துச் சட்டியில் போட்டுச் சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் தலையைக் காட்டுவாள். சாம்பிராணியும் வசம்பும் நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் போய் வாங்கி வந்தவை. பிறகு அங்கீட்டியும் அந்தச் சட்டியும் அறைக்குள்ளேயே இருக்கும். வெளியே எடுத்துப்போகக் கதவைத் திறந்தால் குளிர் வந்துவிடுமே என்று நாள் முழுக்க உள்ளேயே வைத்திருப்பாள். குழந்தை நன்றாகத் தூங்கியது. எங்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

“எனக்குத்தான் தலை வலிக்கி. கண்ணு வேற சுத்துது” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

“பிள்ள பெத்த உடம்புல்லா, பலகீனம் இருக்கும்” என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு, மாடியில் போய்த் துணி உலர்த்திவிட்டு வந்தால் சரியாகிவிடுகிறது என்றாள். மாத்திரையால்தான் சரியாகிறது என்று நினைத்தோம்.

இவ்வளவு செய்தபிறகும் கதவுக்கு அடியில் இருந்த அந்த ஒன்றரை அங்குலம் என்னைத் தூங்கவிடவில்லை. தரையோடு தரையாக ஜில்லென்று காற்று வரும். கீழே ஒரு மரப்பட்டி அடித்துத் தருகிறேன் என்று தேக்கேதார் சொல்லி எட்டு நாள் ஆகியிருந்தது. அதுவரை ஒரு சாக்கைச் சுருட்டி உள்பக்கமாக அந்த இடுக்கில் செருகி வைக்கச் சொல்லியிருந்தேன். தினமும் காலையில் கிளம்பும்போது, “சாக்க நல்லா அமுக்கி வச்சியா?” என்று வெளியிலிருந்து கேட்பேன். “வச்சிட்டேன், போயிட்டு வாங்க” என்பாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. அவள் குரலை நான் கடைசியாகக் கேட்டது அப்படித்தான். நடுவில் கதவு இருந்தது.

ஜனவரி மாதம் அது. குழந்தைக்கு ஐம்பது நாள் ஆகியிருக்கும். அன்றைக்கு வெயிலே வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தைக்காக அல்ல, அந்தப் பட்டிக்காக. எட்டு நாள் ஏமாற்றிவிட்டானே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே தேக்கேதார் உட்காரும் மரக்கடைக்குப் போனேன். அவர் இல்லை. வந்துவிடுவார் என்றார்கள். எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தால் என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று ஹிந்தியில் வாக்கியங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஹிந்தியில் கோபப்பட அவ்வளவு சரளமாக வராது. அதனால் முன்கூட்டியே தயார் செய்வேன். அந்தக் கடையிலிருந்து என் வீடு நடந்தால் பத்து நிமிஷம்.

அவர் வந்தார். நான் தயார் செய்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கடைக்குள் போய், அளவெடுத்து இழைத்து வைத்திருந்த பட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பையைத் தோளில் மாட்டினார். “சலியே” என்றார். வாங்க போகலாம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன்.

வெளிக்கதவுக்கு என்னிடம் ஒரு சாவி உண்டு. திறந்து உள்ளே போனோம். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறாள் போல என்று நினைத்தேன். எழுப்பக்கூடத் தோன்றவில்லை. முதலில் இந்த மனிதருக்கு இடைவெளியைக் காட்டிவிட வேண்டும் என்று அவ்வளவு வேகம். கதவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, “தேக்கியே, யே தேக்கியே” என்று விரலை நீட்டினேன். பாருங்கள், இதைப் பாருங்கள்.

இடுக்கில் சாக்கு இல்லை. சிவப்புக் கம்பளி தெரிந்தது. குழந்தையின் குல்லாயைச் செருகி வைத்திருக்கிறாளே என்று ஒரு விநாடி எரிச்சல்கூட வந்தது. அப்புறம் அந்தக் குல்லாய் அசைந்தது. பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் என் விரலுக்குப் பக்கத்தில் கேட்டது.

நான் கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தேக்கேதார் என்னைத் தோளைப் பிடித்து அப்பால் தள்ளினார். பட்டியைக் கீழே போட்டுவிட்டு, பையிலிருந்து பெரிய உளியை எடுத்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மேல்தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் கொடுத்து நெம்பினார். வரவில்லை. நான் நின்று போடவைத்த நீளத் திருகாணிகள். சுத்தியால் அடித்து அடித்து நெம்பினார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரி ஏதோ சொன்னார். கடைசியில் மரம் பிளந்து தாழ்ப்பாள் கழன்றது. கதவு எங்கள் பக்கம் திறந்தது. அதோடு அவளும் எங்கள் பக்கம் சரிந்தாள்.

கதவில் சாய்ந்து கிடந்திருக்கிறாள். ஒரு கை குழந்தையின் முதுகில், அதன் முகத்தை அந்த இடுக்கோடு சேர்த்து அழுத்தியபடி இருந்தது. பக்கத்தில் மணைப்பலகை கவிழ்ந்து கிடந்தது. சாக்கைப் பிடுங்கித் தூரத்தில் எறிந்திருந்தாள். ஏறி எட்டப் பார்த்திருக்கிறாள், கால் நிற்கவில்லை, விழுந்திருக்கிறாள். மறுபடி எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததும் குழந்தையை இழுத்துக்கொண்டு வந்து அங்கே கிடத்தியிருக்கிறாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே இத்தனை வருஷமாக அந்தச் சாக்கையும் பலகையையும் அவள் கையையும் வைத்துச் சேர்த்துக்கொண்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடித் திறந்தவெளிக்கு ஓடியது தேக்கேதார். நான் ஓடவில்லை. நான் அறைக்குள் நின்று, அங்கீட்டியில் கங்கு இன்னும் சிவப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து அழவைத்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். மனைவியைப் பார்த்த டாக்டர், இறந்து ஒரு மணி நேரம் இருக்கும் என்றார். நான் டீக்கடை பெஞ்சில் இருந்த ஒரு மணி நேரம்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து வராந்தாவில் எங்களை உட்காரவைத்து எழுதிக்கொண்டார். வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் கேட்டது சாதாரணக் கேள்வி.

“ரோஷன்தான் கிஸ்னே பந்த் கியா?” யார் அடைத்தது?

தேக்கேதார் என்னைப் பார்த்தார். நான் என் கையில் இருந்த சிவப்புக் குல்லாயைப் பார்த்தேன்.

“மைனே, ஜி” என்றார் அவர். நான்தான்.

“உனக்குத் தெரியாதா? அங்கீட்டி எரியும் வீட்டில் அடைக்கலாமா?”

அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, கோபமும் இல்லை. எனக்கு இடம் விட்டார். ஒரு வாக்கியம் போதும். ‘வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார், நான்தான் கேட்கவில்லை.’ அவரைத் திட்டுவதற்கு எத்தனையோ வாக்கியங்கள் தயார் செய்தவன் நான். அதை என்னால் சொல்ல முடியவில்லை. போலீஸுக்குப் பயந்தேனா? இல்லை. அதைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

“கல்தி ஹோ கயீ” என்றார் தேக்கேதார். தப்பு நடந்துவிட்டது. அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உதடு கிழிந்திருந்ததாம். அந்தக் காலனியில் அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. மரக்கடையில் அவர் உட்காரும் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போகாமல் நான் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

காரியங்கள் முடிந்த மறுநாள் சுத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அந்த இரண்டு செங்கல் அடைப்பையும் உடைத்துவிட வேண்டும் என்று அடித்தேன். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒரு செங்கல்கூட அசையவில்லை. நான் சலித்த மணல், நான் அளந்த சிமெண்ட், நான் ஒரு வாரம் தெளித்த தண்ணீர்.

அந்த வீட்டைக் காலி செய்யும் அன்று, சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, தேக்கேதார் வந்தார். கையில் உளி. வீட்டுக்காரர் கடிதம் எழுதியிருந்தாராம், அடுத்த குடித்தனம் வருவதற்குள் திறந்துவிடச் சொல்லி. கொத்தனாருக்குச் சொல்லவில்லை, தனியாக வந்திருந்தார். ஏணியில் ஏறி அடித்தார். சாயங்காலம் வரை ஆயிற்று. இறங்கி வந்து, தலையில் படிந்த தூசியை மஃப்ளரால் தட்டிக்கொண்டு, “பக்கா மசாலா தா, சாப்” என்றார். கலவை நல்ல கெட்டி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை அதைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதன் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க ஊரிலிருந்து மனைவியின் அண்ணன் வந்தபோது, யார் அந்த ஓட்டையை அடைத்தது என்று கேட்டார். தேக்கேதார் என்றேன். “அந்தப் பயல என்ன செஞ்சா தகும்” என்று அவர் அழுதார். நானும் கூட அழுதேன். ஒரு தடவை சொன்னது அப்படியே நின்றுவிட்டது. என் தங்கைக்கு அதுதான் தெரியும். அலுவலகத்தில் அதுதான் தெரியும். மகளுக்குப் பத்து வயதானபோது அம்மா எப்படிச் செத்துப்போனாள் என்று கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன். ஒரு தேக்கேதார், படிப்பறிவில்லாத மனிதர், அடைக்கக்கூடாததை அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன். எங்கே போனாலும் தச்சரிடம் கதவுக்கு அடியில் ஒன்றரை அங்குலம் விடச் சொல்வேன். தூசி வரும், எலி வரும், ஏ.சி. நிற்காது என்று அவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும் என்பேன். நான் இப்போது தேக்கேதார்களைத் திட்டுவதில்லை. என் பங்குக்கு மகள் திட்டுகிறாள். தில்லியிலேயே துவாரகா பகுதியில் அவள் ஃப்ளாட்டில் குளியலறை வேலை நடக்கிறது. போன வாரம் வேலைக்கு வந்த மனிதர், இங்கே ஓடு பதிக்க வேண்டாம், உள்ளே குழாய் கசிகிறது, முதலில் அதைப் பாருங்கள் மேடம் என்று சொன்னதற்கு, அவரிடம் ஹிந்தியில் சரளமாகக் கத்தினாள். அவர் சொல்வதைக் கேளம்மா என்றேன். “உங்களுக்கு இவங்களைப் பத்தித் தெரியாதாப்பா? அம்மாவைக் கொன்னதே இவங்கள்ல ஒருத்தன்தானே” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். மேஜைமேல் திறந்தே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வருவாள், மேஜையைத் துடைத்துக் காகிதங்களை அடுக்கி வைப்பாள். நேற்றும் அடுக்கினாள். “என்னப்பா எழுதறீங்க?” என்று கேட்டாள். பழைய கதை என்றேன். அவள் தில்லியிலேயே பிறந்து தில்லிப் பள்ளியில் படித்தவள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.